மேரியைத் தேடிய வழக்கறிஞர் கமலவேணி அம்மையாருக்கு

1985 ஜூலை 31, புதன்கிழமை. இந்த வழியனுப்பு மடலை அச்சடித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டு வாங்கிவந்த பிறகே கண்ணில் பட்டது: முதல் வரியில் ‘பணி ஓய்வு பெற்ற’ என்று அச்சாகிவிட்டது. மாலை அலுவலகம் மூடும்வரை தாங்கள் பணியில்தான் இருக்கிறீர்கள். ஆகவே கண்ணாடியைக் கழற்றி, ‘பெற்ற’ என்பதை அடித்து, மேலே ‘பெறும்’ என்று மையால் எழுதி, இந்தக் குறிப்பையும் சேர்த்திருக்கிறோம். திருத்தினால் திருத்தியது தெரிய வேண்டும் என்பது தாங்கள் இங்கே வைத்த வழக்கம்.

பணி ஓய்வு பெறும் அம்மையீர்! இலவசச் சட்ட உதவிக் குழுவின் வழக்கறிஞரே! தேர்தல் வேலைக்குப் போய் வம்பைச் சுமந்து திரும்பியவர்களுக்கு வாசல் திறந்து வைத்தவரே! ‘அஞ்சா நெஞ்சமே’ என்றும் சேர்க்கலாமா என்று கேட்டோம். “எனக்கு பயம் உண்டுப்பா, பொய் எழுதாதீங்க” என்றீர்கள். அதனால் அடைமொழிகளை அத்தோடு நிறுத்தி, நடந்த ஒன்றைச் சொல்லுகிறோம். இது பாராட்டாக அமையுமா, எங்கள்மேல் நாங்களே கொடுக்கும் புகாராகிவிடுமா என்பதில் எங்களுக்குள் இன்னும் தெளிவில்லை.

மார்ச் மாதத் தேர்தல் முடிந்த மறுவாரம் தையல்நாயகி இந்த அலுவலகத்துப் படியேறினார். வீடு நெல்லித்தோப்பில்; வேலை முத்தியால்பேட்டையில், தொடக்கப்பள்ளி ஆசிரியை. வாக்குச்சாவடியில் விரலுக்கு மை வைக்கும் பொறுப்பு அவருக்கு. இறந்துபோன ஒருவரின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்த ஓர் ஆளின் விரலைத் தொட அவர் மறுத்துவிட்டார். இறந்தவரின் மகள் அவர் வகுப்பில்தான் படிக்கிறாள். அன்று முதல் அவர் போகும் வழியெல்லாம் ஒரு சைக்கிள் பின்னால் வந்தது. ஒரு நாள் கதவில் கல் விழுந்தது. இந்தக் கள்ள ஓட்டுப் புகாரை விசாரிக்கும் அதிகாரி முன்னால் அவர் வாயைத் திறக்கக் கூடாது, அவ்வளவுதான் அந்த ஆளை அனுப்பியவர்களுக்கு வேண்டியது.

நாற்காலி நுனியில் உட்கார்ந்த தையல்நாயகிக்கு அதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று இருந்தது.

“இலவசம்னா கேச பாதியில வுட்டுடுவீங்களாம்மா?”

“முழுசாத்தான் பாப்போம் டீச்சர். தப்பு பண்ணா அதையும் முழுசாத்தான் பண்ணுவோம்” என்றீர்கள்.

சிரிப்பதா, எழுந்து போவதா என்று அவருக்குத் தெரியவில்லை. இருந்தும் எழுத்தரிடம் நடந்ததைச் சொன்னார். “‘மேரிகிட்ட வந்தே, ஊடு திரும்ப மாட்டே’ன்னு அந்த சைக்கிள்காரன் சொன்னான் சார்.” எழுத்தர் கொளஞ்சி விருத்தாசலத்துக்காரர், இந்த ஊருக்குப் புதியவர், மாலை வகுப்பில் சட்டம் படிப்பவர். அதை அவர் நல்ல தமிழாக்கினார்: ‘மேரி என்பவரைச் சந்தித்தால் வீடு திரும்ப மாட்டாய் என மிரட்டினார்.’ கடலூர்க்காரரான தாங்களும் படித்துவிட்டுக் கையொப்பமிட்டீர்கள். தையல்நாயகி படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

யார் இந்த மேரி? புகாரை எடுத்துக்கொண்டு காவலர் நெல்லித்தோப்பில் விசாரித்தார். மறுநாளே, தையற்கடை நடத்தும் அமலமேரி கழுத்தில் அளவு நாடாவோடு இங்கே வந்து நின்றார்.

“எந்த மேரிய தேடுறீங்க? எங்க தெருவுல ஒரு கொரல் குடுத்தா நாலு மேரி திரும்பிப் பாக்கும். என் கடைக்கு எதுக்குப் போலீசு? ‘என்னா மேரி, யார வெட்டப் போறே’ன்னு துணி தைக்க வர்றவங்கல்லாம் கேக்கறாங்க!”

அப்போது தையல்நாயகியும் அங்கிருந்தார். இந்த அம்மாள் யார், தன் வழக்கில் எதற்காகச் சத்தம் போடுகிறார் என்று அவர் விழித்தார்.

“நீங்கதான டீச்சர் ‘மேரிகிட்ட வந்தே’ன்னு அவன் மிரட்டுனதா சொன்னீங்க?” என்றார் கொளஞ்சி.

“ஐயோ சார்! மேரின்னா ஆளு இல்ல, கட்டடம்! பீச்சாண்ட முனிசிபாலிட்டி இருக்குதுல்ல, அது. பிரெஞ்சுக்காரன் வெச்ச பேரு. அங்கதான விசாரண ஆபீசரு உக்காந்துகிறாரு!”

அமலமேரி நாடாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “அடப்பாவிங்களா, கட்டடத்தத் தேடிகிட்டா என் கடைக்கு வந்தீங்க?”

நீதிமன்றத்தில் யாரும் சிரிக்கவில்லை. மேரி என்று ஒருவரே இல்லை, ஆகவே புகாரே கட்டுக்கதை என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வாதாடினார். தையல்நாயகி எங்கள் பக்கம் திரும்பினார். “நான் சொன்னது நெசம். எழுதுனது வேற. இப்ப நான் எதுக்கு பயப்படறது, அவனுக்கா, இந்தத் தாளுக்கா?” என்று கேட்டார். வழக்கைத் திரும்பப் பெறவும் துணிந்துவிட்டார்.

அம்மையீர்! அந்த ஆசிரியையின் பேச்சைக் குறை சொல்லியிருக்கலாம். கொளஞ்சியின் காதைக் குறை சொல்லியிருக்கலாம். தாங்களோ எழுந்து, “தவறு எங்கள் அலுவலகத்துடையது, படித்துக் கையொப்பமிட்டவள் நான்” என்று சொல்லித் திருத்த மனு கொடுத்தீர்கள். இங்கே வந்து கொளஞ்சியிடம் சொன்னதெல்லாம் ஒன்றுதான்: “எழுதினத அவங்க பேச்சுலயே திருப்பிச் சொல்லிக் காட்டுங்க. அப்புறம் நல்ல தமிழ் எழுதலாம்.”

அமலமேரியும் அதோடு போய்விடவில்லை. “எம்பேரு கேசுல ஏறிப்போச்சு. இனிமே டீச்சருக்கு ஒண்ணுன்னா ஊரு என்னத்தான் கேக்கும்” என்று தினமும் பேருந்து நிறுத்தம்வரை தையல்நாயகியோடு நடக்கிறார். சைக்கிள் இப்போது கண்ணில் படுவதில்லை. பயந்து நின்றதா, தீர்ப்புக்காகக் காத்திருக்கிறதா, எங்களுக்குத் தெரியாது.

திருத்த மனு நாளை விசாரணைக்கு வருகிறது. தங்கள் ஓய்வோ இன்று. செய்தி கேட்டுத் திங்களன்று தையல்நாயகி ஓடிவந்தார். “அம்மா இல்லன்னா வாபஸ் வாங்கிடறேன்” என்றார். தாங்கள் அவரை உட்கார வைத்துச் சொன்னதை அப்படியே எழுதுகிறோம். திருப்பிப் படித்தும் காட்டிவிட்டோம்.

“வியாழக்கெழமலேருந்து இந்தக் கேசுல எனக்குப் பேச அதிகாரம் இல்ல டீச்சர். உக்கார யாரு தடுப்பா? எனக்கு பதிலா நம்ம குழு வக்கீல் ராஜாங்கம் பேசுவாரு. பொறந்ததே முத்தியால்பேட்டையில, மேரின்னா என்னான்னு அவருக்குத் தெரியும். நான் ஒங்க பக்கத்துல உக்காந்துக்கறேன்.”

தையல்நாயகி கொண்டுவந்த வாபஸ் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். கிழிக்கவில்லை. கொடுக்கவும் இல்லை.

நாளைக் காலை எங்களோடு வரப்போகும் ஒருவருக்கு வழியனுப்பு மாலை எப்படிப் போடுவது என்று புரியாமலேதான் போடுகிறோம். கண்ணில் ஒளியும் காலில் வலுவும் குன்றாமல், எங்கள் பிழைகளைத் தேடிப் பிடிக்கவாவது, தாங்கள் நெடுங்காலம் நலமாக இருக்க வேண்டும்.

அன்போடும் கொஞ்சம் குழப்பத்தோடும்,
இலவசச் சட்ட உதவி அலுவலகப் பணியாளர்கள்,
புதுச்சேரி.

பின்குறிப்பு, எங்களுக்கே. நாளை, வியாழன்: காலையில் நெல்லித்தோப்புக்குப் போய்த் தையல்நாயகி, அமலமேரி இருவரையும் அழைத்துக்கொண்டு நீதிமன்றம் செல்ல வேண்டும். அனுமதி கிடைத்தால், புகாரில் ‘என்பவரைச் சந்தித்தால்’ என்பதைத் தெரியும்படி அடித்து, ‘கட்டடத்தின் அருகே வந்தால்’ என்று எழுத வேண்டும்.