வாசலோர நாற்காலி

இந்தக் கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் தலைமையாசிரியர் ராஜராஜன் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் சான்றோர்களே, வயல் வேலையைப் போட்டுவிட்டு இந்த ஜெயங்கொண்டம் மண்டபத்துக்கு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! மறைந்த தூதர் ஜெயலட்சுமி அம்மையாரின் படத்தை வணங்கிப் பேச வந்திருக்கிறேன். என் பெயர் பரணிதரன். பாடாலூர்க்காரன். வெளிநாட்டுத் தூதரகங்களில் அம்மையாரின் கீழ் பல வருஷம் வேலை பார்த்தவன்.

அவரைப் பற்றி எனக்கு வெகுநாள் ஒரு சந்தேகம் இருந்தது. எத்தனையோ நாடுகளில் சமாதானப் பேச்சு நடத்தியவர். நடுநாயகமாக அவருக்கென்று பெரிய நாற்காலி போட்டிருப்பார்கள். உட்கார்ந்தாரா? உட்காரவே மாட்டார்! வாசலோரம் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். ஏன்? காற்றுக்காகவா? முழங்கால் வலியா? பணிவா? டீ குடிக்கும்போதெல்லாம் நாங்கள் இதைப் பேசி மண்டையைப் பிய்த்துக்கொண்டோம். பணிவுதான் என்று நான் அடித்துச் சொன்னேன். அவரிடம் தினமும் திட்டு வாங்கிய எனக்கே அதில் நம்பிக்கை இல்லை!

ஆப்பிரிக்காவில் ஒரு நாடு. ஆற்றங்கரை யாருக்கு என்று இரண்டு தரப்பார் சுட்டுக்கொண்டிருந்தார்கள். பேச்சு முற்றி, ஒரு தரப்புத் தளபதி நாற்காலியை உதைத்துவிட்டு எழுந்தார். அவர் அப்படியே போயிருந்தால் மறுபடி சண்டைதான். வாசலில் இருந்தது யார்? நம் அம்மையார்! வழியை மறித்தாரா? இல்லை. கதவைத் திறந்துவிட்டார்! திறந்துவிட்டு அவர் சொன்னதை நம் பேச்சிலேயே சொல்கிறேன்.

"எங்க ஊர்ல சாவு வூட்டுல இருந்துதாங்க சொல்லாமப் போவாங்க. இங்க இன்னும் யாரும் சாகலையே. போயிட்டு வரேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க."

மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடித்ததும் தளபதி திருதிருவென்று விழித்தார். போய் வருகிறேன் என்பதுபோல் ஏதோ முணுமுணுத்தார். போனார். மறுநாள் காலையில் வந்துவிட்டார்! சொன்ன சொல்லுக்காக வந்தாரா, அவருக்கு வேறு யோசனை இருந்ததா? இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒப்பந்தம் ஆக ஒரு வருஷம் பிடித்தது. ஆனால் அதற்குப் பிறகு யாரும் அங்கே சொல்லாமல் எழுந்து போகவில்லை.

காரில் திரும்பும்போது கேட்டேன். "அம்மா, இதுக்குத்தான் வாசல்லயே உக்கார்றீங்களா?"

"பின்ன என்னய்யா? கோவிச்சுக்கிட்டுப் போறவரு இந்த வழியாத்தானே போயாகணும்" என்றார்.

ஓய்வு பெற்று மீன்சுருட்டிக்கு வந்தவரை நம் ஏரிச் சண்டை சும்மா விட்டதா? தலைமடைக்குக் கொளஞ்சி ஐயா, கடைமடைக்கு அங்கமுத்து ஐயா. போன வருஷம் தண்ணீர் முறையில் தகராறாகி மண்டை உடைந்தது நமக்கெல்லாம் தெரியும். இந்த வருஷம் ஏரி நிறைந்திருக்கிறது, நாற்று தயாராக நிற்கிறது, யாருக்கு எந்த நாள் தண்ணீர் என்பது மட்டும் முடிவாகவில்லை. அம்மையார் தம் வீட்டிலேயே இருவரையும் உட்கார வைத்துப் பேசினார். அங்கேயும் அதே வாசலோர நாற்காலிதான்.

கடைசியாகக் கூடிய அன்று அங்கமுத்து ஐயா கோபித்துக்கொண்டு எழுந்து போனார். அம்மையாருக்கு அன்று எழுந்திருக்கவே முடியவில்லை. கூப்பிட்டார், குரல் எழும்பவில்லை. சாயங்காலம் எனக்கு போன் செய்தார். "பரணி, அங்கமுத்து சொல்லாமப் போயிட்டாருய்யா" என்றார். அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

அங்கமுத்து ஐயா, நீங்கள் முன் வரிசையில் இருக்கிறீர்கள். உங்களைக் குற்றம் சொல்ல நான் மேடையேறவில்லை. தண்ணீர் எட்டாத வயலைப் பார்த்தவருக்குக் கோபம் வராதா? அந்தக் கோபம் அம்மையாருக்குத் தெரியாதா? தெரிந்துதான் வாசலில் உட்கார்ந்தார்! நாற்று முற்றுவதற்குள் பேச்சு தொடர வேண்டும். வருகிற வியாழக்கிழமை அதே வீட்டில் கூடுவோம். அந்த நாற்காலியில் நான் உட்காருகிறேன். அவர் அளவுக்கு எனக்குச் சாமர்த்தியம் கிடையாது. ஆனால் கதவைத் திறந்துவிடத் தெரியும், சொல்லிட்டுப் போங்க என்று கேட்கத் தெரியும்.

துக்கத்துக்கு வந்தவர்கள் சொல்லிக்கொண்டு போவதில்லை. அம்மையாரின் படத்தை வணங்கிவிட்டு அவரிடம் நானும் சொல்லாமல்தான் இறங்கப் போகிறேன். ஆனால் உயிரோடு இருக்கிற நாம் அப்படிப் பிரியலாமா? கொளஞ்சி ஐயா, அங்கமுத்து ஐயா, மண்டபத்தை விட்டு வெளியே போனதும் ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். முதலில் நான் சொல்லிவிடுகிறேன்.

உங்க ரெண்டு பேருகிட்டயும் சொல்லிக்கிறேங்க. போயிட்டு வரேன்.