வளைவுதோறும் வண்டி நிறுத்திய பச்சியப்பன் அண்ணனுக்கு

மேகம் மேயும் மலைப்பாதையில் மெல்ல மெல்ல ஏறி, மழலையர் மெலிவு தீர்க்கும் மருந்தை மலையுச்சி சேர்த்த மாண்பாளரே! நடமாடும் மருத்துவ ஊர்தியை இருபத்திரண்டு ஆண்டுகள் தொட்டிலென ஓட்டி, மடியில் தூங்கும் மகவு விழிக்காமல் மலையிறக்கிய தகைமையாளரே! அன்பு அண்ணன் பச்சியப்பன் அவர்களே! பணி நிறைவு காணும் இந்நாளில் உங்களை நெஞ்சம் நெகிழ வணங்குகிறோம்!

உங்கள் பெருமையை உங்களிடமே சொன்னால் தலையைக் குனிந்துகொண்டு எழுந்து வெளியே போய்விடுவீர்கள். ஆகவே சற்று நேரம் அவையோர் பக்கம் திரும்பிக்கொள்கிறோம்.

அவையோரே! அதியமான்கோட்டைக்காரரான அண்ணன் எங்களிடம் வருமுன் நெடுஞ்சாலையில் லாரி ஓட்டியவர். இந்த வண்டியில் ஏறிய நாள்முதல் வேகத்தை மறந்தார். குழந்தைகளை எடை பார்க்கும் தூளித் துணியைத் தம் வீட்டில் துவைத்து, வெயிலில் உலர்த்தி, மடித்து எடுத்து வருவார். "கொழந்தைங்க மூஞ்சில மருந்து வாசம் அடிக்கக் கூடாதுங்க" என்பார். ஊசிக்கு அழுத பிள்ளைகள் அவர் தோளில்தான் உறங்கும். இவை ஊரறிந்தவை. ஊரறியாத ஒரு நாளைச் சொல்லவே இம்மடல்.

எட்டு ஆண்டுகளுக்கு முந்தைய மார்கழிக் காலை. வத்தல்மலை பனிக்குள் மிதந்தது. பாதி வரைந்து விட்டுவிட்டவை போல மரங்கள் நின்றன. கரியன், கருப்பி இணையரின் மகள் ஜெயபிரியாவுக்கு ஒன்றரை வயது. எடையோ ஐந்தரைக் கிலோ. செவிலியர் கலைமணி வீங்கிய பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். விரல் பதிந்த குழி எழவேயில்லை. இன்றே தருமபுரி மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார் மருத்துவர் சோபனா. கருப்பி மகளை மார்போடு இறுக்கிக்கொண்டு வீட்டுச் சுவரோரம் ஒண்டினார்.

"மூத்தவனையும் இப்பிடித்தாங்க கீழ தூக்கிகினு போனன். துணியில சுத்திக் குடுத்தாங்க. இவள வுடமாட்டன்."

அதற்கும் மூன்று ஆண்டுகளுக்கு முன், காய்ச்சல் கைமீறிய பிறகு கீழே கொண்டுபோன மகன் அவன். மருத்துவர் எடுத்துச் சொன்னார், செவிலியர் கெஞ்சினார், கணவர் கரியன் அதட்டினார். ஒன்றும் பலிக்கவில்லை. வாசலில் நின்ற அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"முன்னாடி எம்பக்கத்துல ஒக்காரு ஆத்தா. எங்க நிறுத்தச் சொல்றயோ அங்க நிறுத்தறன். எறங்கித் திரும்பி நடக்கறன்னாலும் தடுக்கமாட்டன்."

கருப்பி ஏறினார். மூன்றாம் வளைவிலேயே "நிறுத்துங்க" என்றார். அண்ணன் நிறுத்தியதோடு இன்ஜினையும் அணைத்தார். மலையெங்கும் ஒரே மௌனம்; இலைகளிலிருந்து பனி சொட்டும் ஓசை மட்டும். குழந்தையோடு இறங்கிய கருப்பி, தம் ஊர் இருந்த திசையில் வெண்மையைப் பார்த்து நின்றார்.

"அண்ணா, அவங்கள ஏத்தி வண்டிய எடுங்க! கொழந்தைக்கு ஒடம்பு சில்லுனு ஆகுது!" என்று மருத்துவர் கத்தினார். (தாம் கத்தியதை மறைக்காமல் எழுத வேண்டும் என்பது அவருடைய கட்டளை.)

"புடிச்சு ஏத்துனா அடுத்த வளைவுல குதிச்சுரும் மேடம். அதுவா ஏறட்டும்."

அண்ணன் தம் போர்வையைக் குழந்தைமேல் சுற்றினார். கலைமணி சர்க்கரைத் தண்ணீரைக் கரண்டியால் சொட்டு சொட்டாகப் புகட்டினார். அண்ணன் ஒன்றே ஒன்று கேட்டார்: "மூத்தவன் பேரென்ன ஆத்தா?"

அதுவரை கீழிருந்து வந்த எவரும் அந்தப் பெயரைக் கேட்டதில்லை.

"கோகுலுங்க."

"நல்ல பேரு."

கருப்பி வண்டியில் ஏறினார். பிறகும் நான்கு இடங்களில் நிறுத்தச் சொன்னார். நான்கிலும் அண்ணன் நிறுத்தினார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கருப்பி கோகுலைப் பற்றி ஏதோ ஒன்று சொன்னார்: அவன் நடக்கப் பழகியது, கேழ்வரகுக் களியைக் கண்டால் சிரித்தது. மலை முடிந்து, பனி விலகி, சமவெளியில் வெயில் விரிந்தபோது அண்ணனே வேகத்தைக் குறைத்துக் கேட்டார்: "நிறுத்தட்டுமா?"

"வேணாங்க. வெரசாப் போங்க."

அன்றுதான் லாரி ஓட்டிய பச்சியப்பனை நாங்கள் பார்த்தோம்!

குழந்தையை வார்டில் சேர்த்த பின்னும் அண்ணன் வண்டியை விட்டு இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்த கைகள் விடவில்லையாம். "அந்தப் புள்ளைக்கு வழியில எதாச்சும் ஆயிருந்தா, அது நான் குடுத்த வாக்காலதான ஆயிருக்கும்?" என்று நெடுநாள் கழித்துக் கலைமணியிடம் சொன்னார். ஆனால் ஜெயபிரியா இருபத்தாறு நாளில் எழுந்து உட்கார்ந்தாள், ஏழு கிலோ ஆனாள், அண்ணனின் வண்டியிலேயே மலையேறினாள். இன்று நான்காம் வகுப்பு படிக்கிறாள். அதன்பின் அம்மலையில் எந்தத் தாயும் எங்கள் வண்டிக்கு அஞ்சிக் கதவடைத்ததில்லை.

சென்ற வாரம் கடைசிப் பயணம். ஓய்வுபெறும் செய்தியை மலையில் எவரிடமும் சொல்லக்கூடாது என்று எங்களிடம் சத்தியம் வாங்கியிருந்தார் அண்ணன். எப்படியோ தெரிந்துகொண்ட கருப்பி, ஒரு பை சாமையோடு வந்து வழிமறித்தார்.

"சொல்லாமப் போயிருவீங்களா? இத்தினி வருசம் வேலையா வந்தீங்க. இனிமே ஒறமொறையா வாங்க. வந்து ரெண்டு நாளு தங்கணும்."

அண்ணன் அந்தப் பையை இரு கைகளாலும் வாங்கி, அன்று கருப்பி அமர்ந்த முன்னிருக்கையில் வைத்தார்.

இப்போது மீண்டும் உங்கள் பக்கம் திரும்புகிறோம், அண்ணா! நோயற்ற உடலும் நோவற்ற உள்ளமும் நூறாண்டு உங்களோடு நிலைக்கட்டும்! அண்ணியாரும் மக்களும் சூழ உங்கள் இல்லம் இனிக்கட்டும்! எந்த ஊருக்கும் நேரத்துக்குப் போய்ச்சேர வேண்டிய கட்டாயமில்லாத காலைகள் உங்களுக்கு வாய்க்கட்டும்! அப்படியொரு காலையில் அண்ணியாரோடு பேருந்தில் சன்னலோரம் அமர்ந்து மலையேறுங்கள். உறவுகள் காத்திருக்கிறார்கள்.

என்றும் மறவா அன்புடன்,
நடமாடும் குழந்தைகள் மருத்துவக் குழுவினர்,
தருமபுரி மாவட்டம்.