கல்யாண ரெக்கார்டிங்கில் ஒரு குரல்

டவுணிலிருந்து ஜங்ஷன் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஐம்பது வயதையொட்டிய கணவனும் மனைவியும் இருந்தார்கள். கணவர் ஹெட்போனில் பாட்டுக் கேட்பதற்கென்றே விலை உயர்ந்த ஆம்ப்ளிஃபையர் வாங்கியிருக்கிறார் என்பது பேச்சில் தெரிந்தது.

“உங்க ஆம்ப்ளிஃபையர்ல நம்ம கல்யாண ரெக்கார்டிங்கப் போட்டுக் கேட்டேன்,” என்றார் மனைவி.

“எந்த ஹெட்போன்ல?”

“மூணுலயும். காதுக்குள்ள சொருகுததுல வெறும் தவில்தான் கேக்கு. கருப்புல நாதஸ்வரம் நல்லா இருக்கு. அந்தப் பெரிசுல பின்னால ஆள் பேசுததுகூட கேக்கு.”

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அதுக்குத்தான அதை வாங்குனேன். யாரு பேசுதா?”

“நீங்கதான். தாலி கட்டுததுக்கு முன்னால, உங்கம்மாட்ட.”

“என்ன பேசுதேன்?”

“‘யம்மா, பயமா இருக்கு, வீட்டுக்குப் போயிருவமா’ன்னு கேக்கிய.”

பஸ் ஈரடுக்குப் பாலத்தில் ஏறியது.

“வேற யாராவதா இருக்கும்.”

“இத்தன வருசமா கேக்குத குரல் எனக்குத் தெரியாதா?”

கணவர் மடியிலிருந்த கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“அந்தப் பெரிய ஹெட்போன வித்துரட்டுமா?”

“எதுக்கு? நல்லாத்தான இருக்கு.”

“உனக்கு மனசு கஷ்டமா இல்லையா?”

அந்த அம்மாள் ஜன்னல் பக்கமிருந்து திரும்பவில்லை.

“நானும் எங்கம்மாட்ட அதேதான் கேட்டேன். எம் பக்கத்துல மைக் இல்ல.”