தேரில் ஏறிய பக்கிரிசாமி

...அப்போ ஒருத்தருக்கு விசுவாசம் இருக்கா இல்லையான்னு எதை வெச்சுச் சொல்றது? ஜெபத்தோட நீளத்தை வெச்சா? முழங்கால்ல இருக்கிற தழும்பை வெச்சா? இதுக்கு நான் விளக்கம் சொல்ற நேரத்துல ஒரு சின்னக் கதை சொல்லிடலாம். சொல்றேன், கேளுங்க.

ராயபுரத்துல இன்னாசின்னு ஒரு மெக்கானிக். வருஷா வருஷம் ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கிட்டு வேளாங்கண்ணிக்கு நடந்தே போவார். காவித் துணி, வெறுங்கால். கூட்டத்துக்கு முன்னாடி ஒரு தள்ளுவண்டி. அதுக்கு சைக்கிள் சக்கரம் மாட்டி, பந்தல் போட்டு, சீரியல் பல்பு சுத்தி, நடுவுல மாதா சொரூபத்தை வெச்சுட்டா... அதுதான் தேர்.

அந்த வருஷம் அவருக்கு ஒரு நேர்ச்சை. பொண்ணு ஜாக்குலினுக்கு முதல் பிரசவம். சிக்கல்னு டாக்டர் சொல்லி, ஆஸ்பத்திரியிலேயே சேர்த்துட்டாங்க. இன்னாசி மாதாகிட்ட சொன்னார்: "தாயே, என் வீட்டு வாசல்ல உன்னைத் தேர்ல ஏத்துறேன். உன் கோவில் வாசல்லதான் இறக்குவேன். நடுவுல எதுக்காகவும் இறக்க மாட்டேன். என் பொண்ணைக் காப்பாத்து."

எதுக்காகவும்னு சொல்லிட்டார். பாருங்க...

சீர்காழி தாண்டி, தார் ரோடு காலைச் சுடுதுன்னு வாய்க்கால் கரையில இறங்கி நடக்கிறாங்க. திடீர்னு வயல்ல இருந்து ஒரு அம்மா அலறிக்கிட்டு ஓடி வர்றாங்க. வரப்பு வெட்டிக்கிட்டு இருந்த வீட்டுக்காரரைப் பாம்பு கடிச்சிடுச்சு. அவர் பேரு பக்கிரிசாமி. நல்ல கனமான ஆளு.

ஆம்புலன்சுக்குப் போன் போட்டாங்க. டிரைவர் சொன்னார்: "பாலத்துல வேலை நடக்குதுங்க, வண்டி உள்ள வராது. பாலத்துக்கிட்ட நிக்கிறோம், அவரைக் கொண்டு வந்துடுங்க. நடக்க மட்டும் விட்டுடாதீங்க."

பாலம் கண்ணுக்கே தெரியல. அவ்வளவு தூரம். நாலு பேர் சேர்ந்து தூக்கிப் பார்த்தாங்க. கொப்புளம் வெடிச்ச கால்... எவ்வளவு தூரம் தூக்குவாங்க? எல்லாருடைய கண்ணும் தேர் மேல போச்சு. போயிட்டு, திரும்பி வந்துடுச்சு. யாரும் வாயைத் திறக்கல.

இன்னாசியோட மச்சினி அமலோற்பவம்தான் திறந்தாங்க. காசிமேட்டுல மீன் விக்கிறவங்க. மெதுவாப் பேசத் தெரியாது.

"இன்னா மாமா, பாத்துக்கினே நிக்கிற? மாதாவை எறக்கு."

"வாயக் கழுவு அமலு. நேர்ச்சை இது."

"தெரியும்."

"இன்னா தெரியும் உனக்கு? அங்க என் பொண்ணு படுத்துக்கினு கீது. நான் இங்க எறக்கி, அங்க ஏதாச்சும் ஆச்சுன்னா நீயா பதில் சொல்லுவ?"

கூட்டத்துல ஒருத்தர், "ஒரு ஜெபமாலை சொல்லிப் பார்ப்போமா?"ன்னார். சொன்னதோட இல்ல, ஜெபமாலையை எடுக்கப் பைக்குள்ள கையை விட்டுட்டார்! சிரிக்கிறீங்க. அந்த இடத்துல நீங்களும் நானும் நின்னிருந்தா?

அமலோற்பவம் கேட்டாங்க: "ஏன் மாமா... ஒரு உசுரைக் காப்பாத்த எறக்கினதுக்காக ஒரு புள்ளத்தாச்சியைத் தண்டிக்கிற மாதாவையா நீ இம்மாந்தூரம் தள்ளிக்கினு வந்த?"

இன்னாசி துண்டால முகத்தைத் துடைச்சார். சொரூபத்தை ரெண்டு கையாலயும் தூக்கினார்... தூக்கிட்டார். எங்க வைக்கிறது? சுத்தி சேறு. வாங்கிக்க ஒரு கை நீளல. உடைஞ்ச நேர்ச்சையில யார் பங்கு கேப்பாங்க?

அப்போ பக்கிரிசாமியோட சம்சாரம், சேத்துக் கையைப் புடவையில துடைச்சுட்டு முன்னால வந்தாங்க.

"எங்கிட்ட குடுங்கய்யா. கீழ வைக்காம கொண்டாரேன்."

அவங்களுக்கு ஜெபமும் தெரியாது, மாதாவும் தெரியாது. குழந்தையைத் தூக்குற மாதிரி இடுப்புல வெச்சுக்கிட்டாங்க. தேர்ல அவங்க புருஷன். பக்கத்துலயே அவங்க ஓட்டமும் நடையுமா.

பக்கிரிசாமி முனகுறார்: "சாமி வண்டியில காலை நீட்டிக் கெடக்கேனே... பாவமில்லையா?"

அமலோற்பவம் ஒரு அதட்டு: "மூடிக்கினு படு! சாமியே உனக்கு எடத்தைக் குடுத்துட்டு இடுப்புல ஏறி வருது, உனக்கு இன்னா?"

பாலம் வந்துச்சு. அந்த அம்மா மாதாவைத் திருப்பிக் குடுத்துட்டு ஆம்புலன்சுல ஏறினாங்க. மாதாவோட நீலப் புடவை பூரா வயல் சேறு. ஒருத்தர் துடைக்க வந்தார். இன்னாசி, "வுடு, இருக்கட்டும்"னுட்டார்.

பக்கிரிசாமி பிழைச்சாரா? பிழைச்சார். ஜாக்குலின்? தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க. உடனே, 'பாத்தியா, நல்லது செஞ்சார், நல்லது கிடைச்சது'ன்னு தலையை ஆட்டாதீங்க! கொஞ்சம் பொறுங்க. மாதாவைத் தூக்கின அந்த நிமிஷத்துல இன்னாசிக்கு இது எதுவும் தெரியாது. பொண்ணுக்கு என்ன ஆகும்னு தெரியாது. பயந்துக்கிட்டேதான் தூக்கினார். நம்ம கடவுள் அப்படிப்பட்டவர் இல்லைன்னு நம்பித் தூக்கினார். நான் விசுவாசம்னு சொல்றது அந்த நிமிஷத்தை. நேர்ச்சையைக் கடைசி வரைக்கும் காப்பாத்தியிருந்தா அவருக்குப் பக்தி இருந்திருக்கும். பக்கிரிசாமி இருந்திருக்க மாட்டார்.

நமக்கு எங்க பாம்பும் பாலமும்னு நினைக்காதீங்க. போன மழையில ரயில்வே லைன் ஓரத்துக் குடிசைக்குள்ள தண்ணி வந்துச்சு. நம்ம கோவில் பங்கு மண்டபத்தைத் திறக்கலாமான்னு கூட்டம் போட்டோம். புதுசா டைல்ஸ் போட்டிருக்கு, திருவிழாவுக்கு முன்னாடி அழுக்காயிடும்னு பேசினோம். பேசி முடிக்கிறதுக்குள்ள தண்ணியே வடிஞ்சிடுச்சு. அந்தக் குழந்தைங்க ராத்திரி எங்க படுத்தாங்க? யாருக்காவது தெரியுமா?

அடுத்த மாசம் மறுபடியும் மழை வரும். டைல்ஸைக் கழுவிக்கலாம். இன்னிக்கு வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு முடிவு எடுத்துட்டுப் போவோம்... மண்டபத்துச் சாவி இனிமே யார் வீட்டுல இருக்கணும்? ரயில்வே லைனுக்குப் பக்கத்துல குடியிருக்கிறவங்க கையைத் தூக்குங்க, பார்ப்போம்.