எல்லா எடத்துலயும் பேரு மாத்தணும்

சைனப்: எண்டரை விடுங்க லாத்தா. வரிக்கு வரி எதுக்கு அதப் போட்டு அமுக்குதீய?

அக்தர் பானு: பெல்லு அடிக்கலையே புள்ள... லைன் முடிஞ்சா தள்ளி விடணும்லா?

சைனப்: அது உங்க டைப்ரைட்டர். இது கம்ப்யூட்டர். வரிய அதுவே மடக்கிக்கிடும், நீங்க பாட்டுக்கு அடிங்க.

அக்தர் பானு: பழகுன கை, சொன்னா கேக்குதா... சரி, இந்த பாரா மேல வரணும். திரும்ப அடிக்கவா?

சைனப்: வேண்டாம். பாரா தொடங்குற எடத்துல கன்ட்ரோலப் பிடிச்சுக்கிட்டு K, B. முடியுத எடத்துல K, K. இப்ப மேல போயி... K, V.

அக்தர் பானு: யா அல்லா. எந்திரிச்சு நடந்து போயிட்டு புள்ள.

சைனப்: பாத்தீயளா.

அக்தர் பானு: இத்தன நாளா கத்தரிக்கோலும் கோந்துமா ஒட்டிக்கிட்டுக் கெடந்தேனே... பத்திரிகைக்காரன் என்ன பேச்சுப் பேசுனான். இன்னொண்ணு சொல்லு.

சைனப்: கன்ட்ரோல் Y.

அக்தர் பானு: அய்யோ, நல்ல வரி போச்சே...

சைனப்: கன்ட்ரோல் U. வந்துட்டா?

அக்தர் பானு: வந்துட்டு. வாய்க்கும் இப்படி ஒண்ணு இருந்தா எம் மாமியாகூட சண்டையே வந்திருக்காது.

சைனப்: மொதல்ல K, S போட்டு சேவ் பண்ணுங்க. போன வாரம் எங்க கம்ப்யூட்டர் சென்டர் காசிம் பாய் ஃபேனுன்னு நெனச்சு கம்ப்யூட்டர் பிளக்க உருவிட்டாரு. அடிச்சது அம்புட்டும் அவுட்டு.

அக்தர் பானு: போட்டுட்டேன். புள்ள... கதை பூரா ஒரு பேரு வருது. எல்லா எடத்துலயும் மாத்தணும். அதுக்கும் இருக்கா?

சைனப்: அதுதான் சூப்பரு. கன்ட்ரோல் Q, A. பழைய பேரக் கேக்கும், புதுப் பேரக் கேக்கும். சொல்லுங்க, நான் அடிக்கேன்.

அக்தர் பானு: இல்ல, நானே அடிக்கேன். நீ... கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கோ.

சைனப்: எதுக்கு?

அக்தர் பானு: அச்சாகுறதுக்கு மின்ன யாரும் பாக்கக் கூடாது. எனக்கு அது ராசி.

சைனப்: நல்ல ராசி... சரி, திரும்பிட்டேன். ஜல்தி. அஞ்சு மணிக்குள்ள ஃபோர்ட்டுல அந்த இங்கிலீஷு பத்திரிகை ஆபீஸ்ல குடுக்கணும்னீய. ஆப்ஷன் கேட்டா G, N ரெண்டும் போடுங்க. G போட்டா கதை பூரா தேடும். N போட்டாத்தான் கேக்காம மாத்தும்.

அக்தர் பானு: ம்... G... ஆச்சு.

சைனப்: என்ன லாத்தா, ஒரே கீய டக்கு டக்குனு அமுக்குதீய?

அக்தர் பானு: எடத்துக்கு எடம் நின்னு, மாத்தவா மாத்தவான்னு கேக்குது. Y போடுதேன்.

சைனப்: N போடலையா? தள்ளுங்க...

அக்தர் பானு: பாக்காத புள்ள...

சைனப்: ஸ்கிரீன மறைக்காதீய.

அக்தர் பானு: சைனப்பு...

சைனப்: கர்சரு எம் பேருக்கிட்டல்லா நின்னு மினுக்குது.

அக்தர் பானு: ஏசணும்னா ஏசிரு. மாஹிம்ல தையல் கிளாஸுன்னு வீட்ல சொல்லிட்டு, தெனமும் மாட்டுங்காவுக்கு வந்து கம்ப்யூட்டர் தட்டுதியே... அந்தப் பொண்ணத்தான் எழுதுனேன். எழுதையில வேற பேரு வரல. அப்படியே அச்சுல வந்தா தாராவி பூரா பேசும். உம் மாப்பிள்ள காதுக்குப் போகும், உன் வேலை போயிரும். அதான் மெஹராஜுன்னு மாத்துதேன்.

சைனப்: மெஹராஜ் எங்க மாமியாரு பேரு.

அக்தர் பானு: அல்லா... வேற வைப்போம். ஜல்தியா ஒண்ணு சொல்லு.

சைனப்: வேண்டாம். முந்தாநாள் நீங்க டீ குடிக்கப் போனப்பவே முழுசும் படிச்சுட்டேன்.

அக்தர் பானு: படிச்சுட்டா... ஒரு வார்த்த கேக்கலையே?

சைனப்: நீங்களா சொல்லுவீயன்னு இருந்தேன்.

அக்தர் பானு: பேர மாத்தாம விட்டா வீட்ல என்ன சொல்லுவ?

சைனப்: நேத்தே சொல்லியாச்சு. அவருக்கு ஒரு கதைன்னு தமிழ்ல சொல்ல ஆரம்பிச்சேன். முடிக்கும்போது, அந்தப் பொண்ணு நாந்தான்னுட்டேன். திரும்ப Q, A போடுங்க லாத்தா. மெஹராஜ எடுத்துட்டு சைனப். இந்தத் தடவ N-யும் சேத்துப் போடுங்க, கேக்காமலே மாத்தட்டும். அவரு கீழ டீக்கடையில நிக்காரு... ஒரு பிரிண்டு வேணுமாம். இங்கிலீஷு தெரியாதுல்லா, எம் பேரு எங்கெங்க இருக்குன்னு பேனாவால கோடு போட்டுக் குடுக்கணுமாம்.