கம்ப்யூட்டருக்குள்ளே ஒரு பழைய கம்ப்யூட்டர்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் மாலைப் பேருந்தில், வேலை முடிந்து திரும்பும் இருவர் என் முன் இருக்கையில் இருந்தார்கள். ஜன்னலோரம் சாய்ந்திருந்தவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர் ஓட்டுறேன் மச்சான். அதுலயே மூணு ஞாயித்துக்கெழம போச்சு."

"எதுக்கு?"

"அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததுலேருந்து வலது கை சரியா வரல இல்ல? மவுஸ் புடிச்சுப் பழகச் சொல்றாங்க. அவுரு ஆபீஸ்ல ஆடுன பந்து தட்டுற கேம்தான் வேணுங்கிறாரு. புது லேப்டாப்புல அது ஓடாது. அதான் அதுக்குள்ளயே பழைய கம்ப்யூட்டர் மாதிரி ஒண்ணு செட் பண்ணேன்."

"இப்ப ஓடுதா?"

"ஓடுது. என்ன பண்ணியும் வேகம் வரல. பந்து நின்னு நின்னு வருது."

"ஏங்கிட்ட குடு. மெமரி ஜாஸ்தி வச்சு வேகமாக்கித் தரேன்."

பேருந்து புதுச்சத்திரம் தாண்டும்போது ஜன்னலோரத்தவர் கண்ணைத் திறந்தார்.

"வேணாம் மச்சான். மெதுவா வர்றதாலதான் அவரால ரெண்டு பந்தாவது தட்ட முடியுது. 'எனக்காகத்தான் இப்புடி மெதுவா ஓட வச்சியாடா'ன்னு நேத்து கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"ஆமாம்பான்னுட்டேன்."