ஒன்பது பைகள் மீது ஒரு சந்தேகம்

தலைமை நாற்காலியை அலங்கரிக்கும், சிப்ஸ் தொழிலின் மூத்தவர் ராசப்பன் ஐயா அவர்களே! தொட்டியத்து மண்ணிலிருந்து வாழைத்தார்களை வண்டியேற்றி அனுப்பும் விவசாயப் பெருமக்களே! காந்தி மார்க்கெட்டில் கண்ணாலேயே எடை போடும் வணிகப் பெரியோர்களே! கொதிக்கும் எண்ணெய் முன் நின்று குடும்பத்தைக் குளிர வைக்கும் என் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் இந்தப் பிரேமலதாவின் பணிவான வணக்கம்.

வரவேற்புரை சொன்ன தம்பி என்னைப் 'புள்ளியியல் புலி' என்றார். சந்தேகமாக இருக்கிறது. பொன்னாடை போர்த்தினார்கள். அதுவும் சந்தேகமாகத்தான் இருக்கிறது. என்ன செய்ய? கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கும் எனக்குச் சந்தேகம்தான் சோறு போடுகிறது. வீட்டுக்காரர் தேங்காய் வாங்கி வந்தால்கூடத் தட்டிப் பார்க்காமல் உள்ளே விடமாட்டேன். சிரிக்காதீர்கள் அம்மா, இன்று உங்களையும் தட்டிப் பார்க்கத்தான் வந்திருக்கிறேன்!

நடந்ததைச் சொல்கிறேன். ஸ்ரீரங்கத்தில் ராசப்பன் ஐயாவின் கம்பெனியில் நிரம்பும் ஐந்து கிலோ சிப்ஸ் பைகளை, கம்பெனி ஆட்டோவில் ஏற்றி, காவிரிப் பாலம் தாண்டி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவார் டிரைவர் வீரமலை. ஒருநாள் மார்க்கெட்டிலிருந்து புகார் வந்தது: பை எடை குறைகிறது! கம்பெனியிலோ தினமும் ஒன்பது பைகளை நிறுத்துப் பார்த்துத்தான் சரக்கை அனுப்புகிறார்கள். சராசரி எப்போதும் ஐந்து கிலோவுக்கு மேல். இங்கே சரி, அங்கே குறைவு. நடுவில் இருப்பவர் யார்? வீரமலை! பையின் வாயோ வெறும் சணல் கட்டு, அவிழ்த்தால் அவிழும்.

கம்பெனி முற்றத்தில், வேலை செய்யும் அத்தனை பேர் முன்னிலையில் கேள்வி விழுந்தது: "எத்தனை பையில கை வச்சே?"

"எம்பொண்ணு மேல சத்தியமுங்க, நான் கட்டையே அவுத்ததில்ல" என்றார் வீரமலை.

யார் நம்பினார்கள்? வண்டிச் சாவி பறிபோனது. வேலை போனது. மகள் பவித்ராவைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

அந்தக் கம்பெனியின் சூப்பர்வைசர் ஜோதி என் பழைய மாணவி. "மேடம், வீரமலை அண்ணன் அப்படிப்பட்டவர் இல்லீங்க. ஆனா கணக்கு அவருக்கு எதிரா நிக்குது. ஒரு தடவை வந்து பாருங்களேன்" என்றாள். போனேன். எல்லாரையும் சந்தேகப்பட்டேன். வீரமலையைச் சந்தேகப்பட்டேன். ஜோதியைச் சந்தேகப்பட்டேன். தராசைச் சந்தேகப்பட்டு எடைக்கல் வைத்துப் பார்த்தேன், தராசு சரி.

என்ன ஐயா, பின்வரிசையில்? "எங்க வியாபாரிகளச் சந்தேகப்படலையா" என்கிறீர்களா? பட்டேன் ஐயா, உங்களைத்தான் முதலில் பட்டேன்!

பிறகு ஜோதியிடம் தினசரிச் சராசரியைச் சொல்லச் சொன்னேன். "இன்னைக்கு அஞ்சு கிலோ நாப்பது கிராம். நேத்து நாப்பத்தொண்ணு. முந்தாநாள் முப்பத்தொம்பது. எவ்ளோ கரெக்டா இருக்கு பாருங்க மேடம்!" அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது.

கையால் அள்ளி நிரப்பும் பை எப்படி இருக்கும்? ஒன்று கூடும், ஒன்று குறையும். அந்தக் கம்பெனியில் அறுபது கிராம் முன்னே பின்னே போவது சகஜம். ஒன்பது பைகளின் சராசரி எடுத்தால் கூடியதும் குறைந்ததும் ஒன்றையொன்று சரிக்கட்டும். ஒன்பதின் வர்க்கமூலம் மூன்று; அதனால் இந்த ஏற்ற இறக்க ஆட்டம் மூன்றில் ஒன்றாக, இருபது கிராமாக அடங்கும். அடங்குமே தவிர அற்றுப் போகாது! இன்றைய ஒன்பதுக்கு ஒரு சராசரி, நாளைய ஒன்பதுக்கு வேறொரு சராசரி. இப்படிச் சிதறும் சராசரிகளின் பரவலுக்குத்தான் கூறெடுப்புப் பரவல் என்று பெயர். இருபது கிராம் ஆடவேண்டிய சராசரி ஒரே ஒரு கிராம் ஆடுகிறது என்றால் அது தரமா? இல்லை, தகராறா?

"இந்த ஒன்பது பையை எங்கேருந்தும்மா எடுக்கிறீங்க?" என்று கேட்டேன். வாசலை ஒட்டிய பிள்ளையார் படத்தைக் காட்டினாள். காலையில் நிரம்பும் முதல் ஒன்பது பைகளைப் படத்தடியில் வைத்துச் சூடம் காட்டுவார்களாம். எடை பார்க்கும் நேரத்தில் கைக்கு வாகாக இருப்பதும் அவையேதானாம்!

பை நிரப்பும் மாரியாயி அம்மாவைக் கேட்டேன். முன்வரிசையில்தான் இருக்கிறார், தலை குனியாதீர்கள் அம்மா, உங்கள் மேல் குற்றமில்லை. "சாமிக்கு வைக்கிறதக் கொறைச்சா வைப்பாங்க? தராசுல நிறுத்தி, நாப்பது கிராம் கூடப் போட்டுத்தான் கட்டுவேன்" என்றார். மற்ற பைகள்? "அதுக்கெல்லாம் நேரமேதும்மா? எண்ணெய் டின்னால ரெண்டு டின்னு. அஞ்சு கிலோ வந்துரும்."

வந்தது, ஒரு காலத்தில்! சீவும் மெஷினுக்குப் புது பிளேடு போட்டார்கள். சீவல் மெலிந்தது. மெலிந்த சீவல் டின்னை நிரப்பும், எடையை நிரப்புமா?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். எந்தச் சோறு? சாமிக்கென்று தனியே வடித்த சோற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பந்திச் சோறு வெந்துவிட்டது என்று சொல்லலாமா?

மறுநாள், வண்டி வருவதற்கு முன்பே எல்லாப் பைகளுக்கும் எண் போட்டுச் சீட்டுக் குலுக்கினோம். பிள்ளையார் பைகளுக்கும் சீட்டு உண்டு, சலுகை கிடையாது! முப்பத்தாறு பைகளை எடுத்தோம். முப்பத்தாறின் வர்க்கமூலம் ஆறு; இப்போது ஆட்டம் ஆறில் ஒன்று, பத்து கிராம். சராசரி நான்கு கிலோ எண்ணூற்று எண்பது. அதற்கு இருபுறமும் ஆட்டத்தின் இரு மடங்கு, இருபது கிராம் விட்டு வேலி போட்டோம்: எண்ணூற்று அறுபது முதல் தொள்ளாயிரம் வரை. இதுதான் நம்பிக்கை இடைவெளி. இதே முறையில் நூறு தடவை குலுக்கி நூறு வேலி போட்டால், ஏறக்குறைய தொண்ணூற்றைந்து வேலிக்குள் உண்மைச் சராசரி அகப்படும். எங்கள் வேலிக்குள் ஐந்து கிலோ இருந்ததா? வேலிக்கு அருகிலாவது வந்ததா? இல்லை! வண்டியில் ஏறும் முன்பே எடை இல்லை! அதே பைகளை மார்க்கெட்டிலும் நிறுத்தோம். ஏற்றிய எடை அப்படியே இறங்கியது.

ராசப்பன் ஐயா உடனே வீரமலையைத் தன் அறைக்கு அழைத்துச் சாவியை நீட்டினார். வீரமலை வாங்கவில்லை. "நாலு பேரு முன்னாடி திருடன்னீங்க. இல்லேங்கறத மட்டும் ஏன் ரூமுக்குள்ள சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டு நடந்துவிட்டார்.

இன்று அத்தனை பேரும் கூடியிருக்கிறோம். நோட்டீஸில் 'தரக்கட்டுப்பாட்டு விழிப்புணர்வுக் கூட்டம்' என்று மட்டும் அச்சடித்திருக்கிறார்கள். வீரமலையின் பெயரை அதில் தேடினேன், காணோம். ராசப்பன் ஐயா, கோபிக்காதீர்கள், உங்கள் மேலும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வீரமலை திருடவில்லை என்று நான் ஆயிரம் முறை சொல்லலாம். ஆனால் அந்தப் பழி என் வாயிலிருந்து வரவில்லையே!

பொறுமையாகக் கேட்ட பெருமக்களுக்கும், பதில் குரல் கொடுத்த பின்வரிசைக்கும், தாய்மார்களுக்கும் நன்றி கூறி வணங்குகிறேன். அதோ, மகளோடு வாசற்படியில் நிற்கிறார் வீரமலை.

ராசப்பன் ஐயா, இந்தாங்க மைக். சொல்லுங்க.